அவர் எழுந்திருக்கக் கூடாது

1878 ஆகஸ்ட் 26, திங்கள்

காலையிலேயே படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டேன். காய்வதற்குள் அடுத்தது நனைந்துவிட்டது. இன்று காய்ச்சல் முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், மதியம் ஆனதும் ஓரினுக்குக் குளிர் எடுக்கும். பிறகு கொதிக்கும், அதன்பின் வியர்வை. நான்கு வாரமாக இதே கதை. டாக்டர் பெல்நாப் புதுக் கொய்னா மருந்துப் பொட்டலங்கள் கொடுத்தார். காலை ஒன்று, மாலை ஒன்று. "விடாமக் குடுங்க. செப்டம்பர் பாதியில உங்க வீட்டுக்காரர் குதிரை ஏறிடுவார்."

துணை ஷெரீப் ஹோமர் ஒரு கடிதத்தோடு வந்து வாசலிலேயே நின்றான். சிறையிலிருந்து வந்த கடிதம். டோபியாஸ் கிரீரை விடுதலை செய்துவிட்டார்களாம்.

ஆறு வருஷம் ஆகிவிட்டதா அதற்குள்? தபால் வண்டியைக் கொள்ளையடித்த அண்ணன் தம்பியை எல்ம் ஓடையில் ஷெரீபான ஓரினும் ஹோமரும் மடக்கினார்கள். தம்பி லூக் அங்கேயே ஓரினின் குண்டில் செத்தான். பத்தொன்பது வயது. அண்ணன் டோபியாஸைச் சங்கிலியோடு கோர்ட்டிலிருந்து இழுத்துப்போகும்போது அவன் கத்தவில்லை. "வருவேன் ஹாஸ்கெல்" என்று ஓரினைப் பார்த்து மட்டும் சொன்னான். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

கடிதத்தை ஓரினிடம் காட்டவில்லை.

ஆகஸ்ட் 28

காய்ச்சலில் பிதற்றினார். "கையைத் தூக்கிட்டான், ஹோமர். தூக்கிட்டான்ல?" நாலைந்து முறை அதையே சொன்னார். யார் என்று கேட்டேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கதவோரம் நின்ற ஹோமர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லூக் துப்பாக்கியை எடுக்கப் போனான் என்றுதானே கோர்ட்டில் சத்தியம் செய்தார்?

ஆகஸ்ட் 29

ஹோமரிடம் நேராகவே கேட்டேன். "கேக்காதீங்க அக்கா" என்றான். அதுவே பதில் சொன்ன மாதிரிதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வந்துவிட்டான்.

மதியம் இரண்டு மணி இருக்கும். கதவைத் திறந்தால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மெலிந்து, தலை நரைத்திருந்தான். கிரீர்தான் என்று எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"ஷெரீப் இருக்காரா அம்மணி?"

"உடம்பு சரியில்ல."

"இருக்கும். நான் வர்றேன்னு தெரிஞ்சா எனக்கும் சரியில்லாமப் போயிடும்."

என்னைத் தொடாமல் விலகி உள்ளே நடந்தான். கத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை? படுக்கையறை வாசலில் நின்று பார்த்தான். ஆகஸ்ட் வெயிலில் மூன்று கம்பளிக்கு அடியில் ஓரின். பல் கிட்டித்து, கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"எத்தன நாளா?"

"நாலு வாரமா."

"மருந்து?"

"கொய்னா."

நெடுநேரம் பார்த்தான். "ஆறு வருஷம் கல்லு ஒடச்சேன் அம்மணி. ஒவ்வொரு அடிக்கும் இவன்தான் கண் முன்னாடி நின்னான். நின்னுட்டு இருந்தான், படுத்துக் கெடக்கல." தொப்பியை மாட்டிக்கொண்டான். "எழுந்து நிக்கட்டும். அதுவரைக்கும் எதிர்லதான் இருப்பேன்."

எதிரே திருமதி ஓகில்வியின் விடுதியில் தெருவைப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

அவனைப் பிடித்து உள்ளே போடு என்று ஹோமரிடம் சொன்னேன். "தண்டனைய முழுசா முடிச்சவன் அக்கா. எதுக்குப் பிடிக்கறது?"

"மிரட்டினானே."

"எழுந்து நிக்கட்டும்னான். நல்லதுதானே சொல்லியிருக்கான்னு நீதிபதி கேப்பார்."

செப்டம்பர் 2

விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. டாக்டர் எங்கள் வீட்டைவிட்டு இறங்கினால் எழுந்து போய், இன்று எப்படி, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று விசாரிக்கிறான். ஓகில்வி அம்மாள் வேலியோரம் சொன்னாள்: "இந்த ஊர்ல ஷெரீப் உடம்பப் பத்தி அவ்வளவு கவலப்படறவன் அவன் ஒருத்தன்தான், வின்னி." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து ஏப்ரன் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஓரினும் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டார். "எப்ப வந்தான்?" அவ்வளவுதான் கேட்டார். மதியம் கஞ்சி வேண்டாம், ரொட்டியும் பன்றிக்கறியும் கொண்டுவா என்றார். முழுவதும் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் எழுந்து நிற்கும் நாள் நெருங்கியது.

செப்டம்பர் 3

காய்ச்சல் முறை. ஆனால் அரை மணி நேரம்தான் குளிர். டாக்டருக்கு மகிழ்ச்சி. "ஞாயித்துக்கிழம எழுந்து நடப்பார் பாருங்க." தலையாட்டினேன். அவர் வெளியே போய் எதிர் விடுதியிலும் அதையே சொன்னார். கிரீர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

செப்டம்பர் 4

நான் செய்ததை இங்கேயாவது உள்ளபடி எழுதுகிறேன். மாலைப் பொட்டலத்தைப் பிரித்து, கசப்புக்கு ஒரு சிட்டிகை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்குக் கோதுமை மாவைக் கலந்தேன். வெல்லப்பாகில் குழைத்துக் கொடுத்தேன். முகம் சுளித்து விழுங்கினார். "நீ இல்லேன்னா செத்திருப்பேன் வின்னி" என்றார்.

மெதுவாகத்தான் குணமாகட்டுமே. அதற்குள் அவனுக்கு அலுத்துப் போகலாம். கிளம்பிவிடலாம்.

செப்டம்பர் 5

மாவு.

செப்டம்பர் 7, சனி

காய்ச்சல் முழு வேகத்தோடு திரும்பி வந்துவிட்டது. கட்டில் ஆடிய ஆட்டத்தில் விளக்கு விழுந்தது. நான்தான். வேறு யாருமில்லை, நான்தான் செய்தேன். மாலையில் உண்மையான பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். ஜன்னலைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்திருக்கிறான், நகரவே மாட்டானா இவன், கல்லா இவன் — மறுபடி மாவைத்தான் கலந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

கண்ணெல்லாம் மஞ்சள். யாரையும் தெரியவில்லை. டாக்டர் குழம்பிப்போனார். "நல்லா வந்துட்டு இருந்தவருக்கு எப்படி? மருந்துலதான் கோளாறு. இந்தத் தடவ வந்த சரக்கு கலப்படம்." மிச்சமிருந்த பொட்டலங்களை எல்லாம் வாங்கி, பிரித்து, என் கண் முன்னால் சாம்பல் வாளியில் கொட்டினார். நல்ல மருந்து. தன்னிடம் இருந்ததையும் கொட்டப் போவதாகச் சொன்னார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ராணுவக் கோட்டையிலதான் இனிமே. நாப்பது மைல். மூணு நாளைக்குள்ள கெடைக்கலேன்னா…" ஹோமர் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறான், வியாழன் ராத்திரிதான் வருவான். டாக்டர் படியிறங்கினார். கிரீர் வழக்கம்போல் விசாரித்தான். அடுத்த கால் மணியில் நாற்காலி காலியாக இருந்தது. குதிரை மேற்கே போன புழுதிதான் தெரிந்தது.

அவன் போய்விட்டான். பத்து நாளாக நான் வேண்டியது இதைத்தானே.

செப்டம்பர் 11

மூச்சு இருக்கிறது. ஈரத்துணி மாற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடக்கிறேன். உட்கார முடியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

காலை பத்து மணிக்குக் கிரீர் வந்தான். குதிரை வாயில் நுரை. சட்டைக்குள்ளிருந்து ஒரு நீலக் குப்பியை எடுத்து நீட்டினான்.

"கோட்டை டாக்டர் குடுக்க மாட்டேன்னான். கெஞ்சி வாங்கினேன். பட்டாளத்துக்காரன்கிட்ட நான் கெஞ்சறத எங்கம்மா பார்த்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். முழு அளவு கொடுத்தேன். பாதி வழிந்தது, மறுபடி கொடுத்தேன். திரும்பி வந்தால் அவன் படியிலேயே நிற்கிறான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மருந்துல கலப்படம் இல்ல. நான்தான் மாவு கலந்தேன்."

"எதுக்கு?"

"அவர் எழுந்தா நீங்க சுட்டுருவீங்க."

குதிரை தண்ணீருக்காகத் தலையை உதறிக்கொண்டிருந்தது. "கொல்றதுக்கு நான் எம்பது மைல் போய்ட்டு வந்திருக்கேன். நீங்க இருந்த எடத்துல இருந்தே முடிக்கப் பார்த்திருக்கீங்க."

கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டான்.

"காய்ச்சல்ல ஏதாவது பேசினானா? லூக்கப் பத்தி?"

நான் தெருவைப் பார்த்தேன். ஹோமர் அன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே மாதிரி. அவனும் புரிந்துகொண்டான்.

"பேசியிருக்கான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு குதிரையை நடத்திப் போனான்.

செப்டம்பர் 14

தெளிந்துவிட்டார். சூப் குடித்தார். அதன் பிறகு சொன்னேன். மாவு, வாளியில் கொட்டின மருந்து, குப்பி வந்த கதை, எல்லாம்.

"எத்தன பொட்டலம்?"

"ஒம்பது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் முதுகைப் பார்த்துத்தான் அடுத்ததையும் கேட்டேன். "லூக் கையைத் தூக்கியிருந்தானா?"

சுவரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"வெயில் கண்ணுல அடிச்சுது. கை மேல போறது மட்டும் தெரிஞ்சுது. துப்பாக்கின்னு நெனச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தா ரெண்டும் வெறுங்கை."

"கோர்ட்ல ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அன்னிக்கு சாயங்காலம் ஊர்க்காரங்க கேட்டப்ப ஒரு தடவ அப்படிச் சொல்லிட்டேன். அப்புறம் எல்லா எடத்துலயும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

செப்டம்பர் 17

குப்பியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். தானே அளந்து, தானே கலக்கிக் குடிக்கிறார். என்னிடம் பேச்சில்லை. ரொட்டியை வைத்தால் முதலில் முகர்ந்து பார்க்கிறார் — இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

செப்டம்பர் 21

காய்ச்சல் முறை நான்கு தடவை வராமல் போய்விட்டது. காய்ச்சல் இல்லை. முகம் மழித்துக்கொண்டார். தாடையில் இரண்டு வெட்டு. எதிரே நாற்காலியில் ஆள் இருக்கிறான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சர்ச் விட்டு ஜனங்கள் தெருவில் வந்துகொண்டிருந்த நேரம். கறுப்புக் கோட்டைப் போட்டார். துப்பாக்கி வாரை ஆணியில் அப்படியே விட்டார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன். இந்தக் கையால்தான் எடுத்து நீட்டினேன்.

"இன்னிக்கு அது வேணாம்." ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

தெருவைக் கடக்க இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கிரீர் எழுந்து படியிறங்கினான். அவன் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. ஜனங்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

ஓரின் அவனைப் பார்த்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "உன் தம்பி கையைத் தூக்கியிருந்தான். அவன் கையில துப்பாக்கி இல்ல. நான் சுட்டேன். கோர்ட்ல பொய் சொன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னார்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது முறை சொல்லும்போது ஒரு பக்கம் சாய்ந்தார். பிடிக்கப் போனேன். "வராத வின்னி" என்றார். கிரீர் துப்பாக்கியை எடுத்துவிட்டான். அவர் மார்புக்கு நேரே. ஓரின் கையைத் தூக்கவில்லை, கீழேயே தொங்கவிட்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஓகில்வி அம்மாள் ஒரு நிமிஷம்கூட இல்லை என்கிறாள்.

"எங்க பொதச்சே அவன?" என்றான் கிரீர். துப்பாக்கி மெல்லக் கீழே இறங்கியது.

"ஓடைக்கு மேல. அடையாளம் ஒண்ணும் வெக்கல. சொன்னா கண்டுபிடிக்க முடியாது, கூட்டிட்டுப் போறேன்."

ஹோமரின் வண்டியில் இருவரும் ஏறினார்கள். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம் அம்மணி" என்றான் கிரீர்.

மணி மூன்று. இன்னும் வரவில்லை.

ஐந்து. ஓடைக்கு ஒன்பது மைல்தான்.

ஹோமர் போய்ப் பார்க்கிறேன் என்றான். போகாதே என்றது நான்தான். ஏன் சொன்னேன்? பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு முறை கழுவிவிட்டேன்.

ஏழு. இருட்டுகிறது. வரவில்லை.

செப்டம்பர் 23

காலை ஒன்பது மணிக்கு ஓரின் வந்தார். வண்டியில் அவர் மட்டும்.

புதைத்த மேடு தரைமட்டமாகிப் புல் மூடிவிட்டதாம். இங்கே என்றார், பிறகு இல்லை அங்கே என்றார். இருட்டும்வரை இருவரும் மாற்றி மாற்றித் தோண்டியிருக்கிறார்கள். இவருக்குக் கை ஓய்ந்ததும் கிரீர் தனியாகவே தோண்டினான். ஒரு பெல்ட்டுக் கொக்கி தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டு மண்ணைத் திரும்பத் தள்ளினான். ராத்திரி இவர் நடுங்கியபோது தன் கம்பளியைத் தூக்கி இவர்மேல் போட்டானாம். விடிந்ததும் சொன்னது இவ்வளவுதான்: "போ. மன்னிச்சுட்டான்னு யார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாத."

அவன் அங்கேயே இருந்துவிட்டான்.

அக்டோபர் 6, ஞாயிறு

சட்டையில் குத்தும் ஷெரீப் நட்சத்திரத்தை ஓரின் ஹோமரிடம் கொடுத்தார். "நானும் அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்தவன்தானே" என்று அவன் குத்திக்கொள்ளவில்லை. அலுவலக மேஜையில் கிடக்கிறது. நவம்பரில் விசாரணை. ஓரின் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. சிறை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. மளிகைக் கடையில் சிலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கிரீர் ஓடைப் பக்கம் ஒரு குடிசை போடுகிறானாம், பலகை வாங்க வந்தவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இன்று மதியம் குளிர்காலத்துக்காக ஆப்பிள் அரிந்துகொண்டிருந்தேன். ஓரின் வந்து நின்றார்.

"டாக்டர் அன்னிக்கு மருந்தக் கொட்டலேன்னா, பத்தாவது பொட்டலத்துலயும் மாவுதான் போட்டிருப்பியா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"தெரியல" என்றேன்.

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இன்னொரு கத்தியை எடுத்தார். தோலைத் தடிமனாகச் சீவுகிறார், பாதிப் பழம் வீணாகிறது. கூடை காலியாகும்வரை இருவரும் அரிந்தோம்.