கெண்டி நீரில் சொல்லாத பெயர்

ஓய்,

இன்று காலை கொல்லைப்பக்கம் போனேன். புளியும் பித்தளையும் கலந்த வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. கிணற்றடியில் என் சம்சாரம் உட்கார்ந்து உம்முடைய மூக்குக் கெண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்திரனுடைய கிரீடத்தைத் தேய்க்கக் கொடுத்தால்கூட இவ்வளவு புளி செலவழிக்க மாட்டாள். என்ன விசேஷம் என்று சந்தேகமாகப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"நாளைக்குப் பௌர்ணமி. பிக்ஷு வரப்போறார். ஏன்னா, இந்தத் தடவையாவது அவ பேரையும் சேத்துச் சொல்லிடுங்கோ. பாவம், எங்கே தாகத்தோட நின்னுண்டிருக்காளோ."

அவள் என்று சொன்னது உம்முடைய மனைவியை. நான் உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த மடலை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பித்ருலோகம் என்று ஓர் ஊராவது உண்டு. உம்முடைய மார்க்கத்தில் போனவர் மறுபடி எங்கேயாவது பிறந்துவிடுவாராமே. இந்நேரம் நீர் தியாகராய நகரில் ஏதாவது ஒரு தொட்டிலில் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு கிடக்கலாம். நான் இதை நம்பவில்லை. ஆனாலும் பனகல் பார்க்கில் எந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாலும் ஒரு நிமிஷம் நின்று விசாரித்துவிட்டுத்தான் நகருகிறேன்.

நான் எதையும் நம்பாதவன் என்பது சித்திரக்குளத்து மீன்களுக்குக்கூடத் தெரியும். பாற்கடலைக் கடைந்து அமுதம் கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிறவன். அப்படிப்பட்டவன் உம்மைக் குடிவைத்ததற்கு ஜப்பான்காரன்தான் காரணம். நாற்பத்திரண்டில் அவன் வருகிறான், வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு 'காலி' பலகை. நாய்கள்கூட மாமனார் ஊருக்குப் போய்விட்டன. நான் மட்டும் விமானத் தாக்குதல் காவலுக்குச் சர்க்கார் கொடுத்த ஏ.ஆர்.பி. தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவுக்குச் சக்கரவர்த்தியாக நின்றேன். ஜப்பான் பிரதமர் டோஜோவே நேரில் வந்து குளத்தில் குதித்திருந்தாலும் என் அனுமதி இல்லாமல் கரையேறியிருக்க முடியாது.

அப்போது நீர் வந்தீர். பர்மாவிலிருந்து காட்டுவழியாக நடந்தே வந்தவர் என்று உம்முடைய கணுக்காலைப் பார்த்தாலே தெரிந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து, ரங்கூனில் ஒரு மரக்கிடங்கில் கணக்கெழுதி, அங்கேயே பௌத்தராகிவிட்டவர் என்று சொன்னீர். கையில் ஒரு துணிமூட்டை. மூட்டைக்குள் இந்தக் கெண்டி. மற்றவர்கள் நகையையும் பாத்திரத்தையும் வழியில் போட்டுவிட்டு உயிரைக் கொண்டுவந்தார்கள். ஒரு மனிதர் மலையெல்லாம் தாண்டிக் கெண்டியைச் சுமந்துகொண்டு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உம்மைக் கொல்லை அறையில் குடிவைத்தது தயவினால் அல்ல, ஓய். கண்காணிக்கத்தான்.

என்னவெல்லாம் கண்காணித்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். கருவாட்டு வாசனை வருகிறதா என்று தினமும் உம்முடைய ஜன்னலடியில் நின்று மோப்பம் பிடித்தேன். கொள்ளு ரசத்தைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை. அதுவே என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. பர்மாவிலிருந்து வந்தவன் இவ்வளவு சாதுவாகக் கொள்ளு தின்றால் ஏதோ பெரிய காரியம் உள்ளே இருக்கிறது என்று என் சம்சாரத்திடம் சொன்னேன். "கொள்ளு திங்கறதும் ஒரு குத்தமா? நீங்க திங்கறது எல்லாம் கணக்குல வரட்டுமா?" என்று கேட்டு அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

அப்புறம் அந்தப் பௌர்ணமி. விளக்கு வைக்கும் நேரம். பட்டணம் முழுவதும் இருட்டடிப்பு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லித் தெருத் தெருவாகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து பார்த்தால், என் வீட்டுக் கொல்லையிலேயே வரிசையாக அகல் விளக்குகள். அதன் நடுவில் நீர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தீர். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையில் என் தொப்பி இரண்டங்குலம் உயர்ந்தது. யாருக்கு ஜாடை காட்டுகிறீர் என்று கர்ஜித்தேன்.

"வழியில செத்துப் போனவங்களுக்கு, மாமா" என்றீர், திரும்பிக்கூடப் பார்க்காமல். "எரிக்கவும் இல்ல, புதைக்கவும் இல்ல. நாங்க தாண்டித் தாண்டி வந்துட்டோம்."

சட்டப்படி நான் அதையெல்லாம் அணைத்திருக்க வேண்டும். மேலே பார்த்தேன். பட்டப்பகல் போல நிலா. அந்த நிலாவையே அணைக்க முடியாத சர்க்காருக்காக நான் ஏன் அகலை அணைக்க வேண்டும் என்று ஒரு பெரிய தர்க்கத்தைச் சிருஷ்டித்துக்கொண்டு, விளக்குகளுக்கு மேலே கீற்றை மறைப்பாகச் சாய்த்துவிட்டுப் போனேன். அது கருணை என்று நீர் நினைத்தீர். தொடர்ந்து விசாரிப்பதற்கு நீர் ஜெயிலுக்கு வெளியில் இருக்கவேண்டும் என்பதுதான் என் திட்டம்.

பிறகு ஒரு நாள் பிக்ஷுவைச் சாப்பிட அழைத்தீர். இலங்கைக்காரர், காவித்துணி, வழித்த தலை. போனவர்களுக்காகத் துறவிக்குச் சோறிட வேண்டும், அவர் நடுப்பகலுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அதற்கப்புறம் தண்ணீர் விட்டுப் புண்ணியத்தைப் பங்கிட வேண்டும் என்று முறையைச் சொன்னீர். நடுப்பகலுக்குள் என்றால் அதை மேற்பார்வை பார்க்க என்னைவிட்டால் யார்? கடிகாரத்தோடு வந்து நின்றேன். அவர் தயிர்சாதத்தில் கை வைத்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. விரதம் போயிற்று என்று அறிவித்தேன். யுத்தத்துக்காகச் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது; சர்க்கார் நேரத்தைத் தவிர வேறு நேரம் என் வீட்டில் செல்லாது. பிக்ஷு முருங்கைமரத்து நிழலை எட்டிப் பார்த்தார்.

"சூரியன் இன்னும் சண்டையிலே சேரேல்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு, நிதானமாகத் தயிர்சாதத்தை முடித்தார். உள்ளேயிருந்து என் சம்சாரம் சிரித்த சிரிப்பு லஸ் முனையில் டிராமை நிறுத்தியிருக்கும்.

தண்ணீர் விடுவதைப் பார்த்ததும் என் சந்தேகங்கள் ஒன்றுக்குப் பத்தாயின. ஒரு தட்டு, அதன்மேல் ஒரு கிண்ணம், கெண்டியின் மூக்கிலிருந்து நூல்போல இறங்கும் தண்ணீர். கிண்ணம் நிரம்பி வழிய வழிய, இது என் சுற்றத்தாருக்குச் சேரட்டும், அவர்கள் சுகமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர். எள்ளைக் காணோம், தர்ப்பையைக் காணோம். கோத்திரம் கேட்பாரில்லை. கோத்திரம் இல்லாமல் இது சரியான ஆளிடம் போய்ச் சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம், தபால்காரனே வீட்டு எண் கேட்கிறானே என்று பிக்ஷுவை மடக்கினேன். போவது தண்ணீர் இல்லை, கொடுக்கும் மனசு என்றார் அவர். அது போகிற பாதை எது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆனால் அன்று நான் பிடித்தது வேறொன்று. போனவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னார் பிக்ஷு. அப்பா பெயர், அம்மா பெயர், தமையன் பெயர், காட்டில் விழுந்தவர்களில் தெரிந்தவர்கள் பெயர் என்று சொல்லிக்கொண்டே வந்தீர். பிறகு வாயைத் திறந்தீர். சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. மூடிவிட்டீர். இந்த ஆள் ஒரு பெயரை மறைக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. கடன்காரனா, கொலையா, ஒளித்துவைத்த சம்சாரமா என்று பல நாள் தூக்கமில்லாமல் ஆராய்ந்தேன். அடுத்த பௌர்ணமியிலும் அதே இடத்தில் அதே மௌனம். அதற்கடுத்ததிலும் அப்படியே.

யுத்தம் முடிந்து ரங்கூன் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகுதான் துப்புக் கிடைத்தது. ஒருநாள் என்னை ஏற்றிவந்த ரிக்ஷாக்காரன் தானாகவே வாயைத் திறந்தான். "உங்க வூட்டுப் பர்மா நைனா கப்பலாண்ட போய் நின்னுகினு கீறாரு சாமி. மூட்டை எறக்க இல்ல, ஏத்த இல்ல. எறங்குற பொம்பளைங்க மொகத்தையே பாத்துகினு கீறாரு. இன்னா சமாச்சாரம்?"

ஆகா, அகப்பட்டான் என்று நேரே உம்முடைய அறைக்கு வந்தேன். வெளியே மழை. நீர் என் முகத்தைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர். அவள் பெயர் மா சேன். உம்முடைய தோளுயரம். சிரித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஆற்றங்கரையில் ஓடமேறக் கூட்டம் முண்டியடித்தபோது, குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று பானையோடு போனாள். போகும்போது இந்தக் கெண்டியை உம் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கூட்டம் உம்மை ஓடத்தில் தள்ளிவிட்டது. அக்கரையில் காத்திருந்தீர். அடுத்த ஓடத்திலும் அவள் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை.

"செத்தவங்க பேர்ல அவ பேரைச் சேத்தேன்னா, நானே அவளைச் சாவடிச்ச மாதிரி ஆயிடும் மாமா. சேக்கலேன்னா, ஒருவேளை செத்திருந்தா, அவளுக்குன்னு ஒரு சொட்டும் போய்ச் சேராது."

பிக்ஷுவைக் கேட்டீராம். உயிரோடு இருப்பவர்களும் புண்ணியத்தில் பங்குகொண்டு மகிழலாம், தாராளமாகச் சொல் என்றாராம். அவருக்குச் சரி. உமக்கு வாய் வரவில்லை. கப்பலேறிப் போய்த் தேடக்கூடாதா என்று கேட்டேன். காட்டுவழியில் வாங்கிவந்த காய்ச்சலைக் காரணமாகச் சொன்னீர். நான் நம்பவில்லை என்று கண்டுகொண்டு, "நான் அங்க போற நேரம் பாத்து அவ இங்க வந்துட்டா?" என்றீர். கப்பலில் ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லோரிடமும் என் வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்து வைத்திருந்தீர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வருஷம் கடைசியாகப் படுத்தபோது என்னைக் கூப்பிட்டீர். ஏதோ உருக்கமாகச் சொல்லப் போகிறீர் என்று தயாராக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மாமா, பிக்ஷு நல்லவரு, எதைச் சொன்னாலும் நம்பிடுவாரு. மாமி அழுதுடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் யாரையும் நம்பாதவரு. அதான் உங்ககிட்ட விடறேன். நாளைக்கு எவனாவது வந்து அவ செத்துட்டான்னு சொன்னா, நம்பாதீங்க."

அடுத்த பௌர்ணமிக்கு உம் பெயரையும் சேர்த்துத் தண்ணீர் விட்டேன். உம்முடைய மௌனம் வந்த இடத்தில் நானும் மௌனமானேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, போன மாதம் அந்த மனிதன் வரும்வரை. ரங்கூனில் பலசரக்குக் கடையில் இருந்தவனாம். விலாசம் கேட்டுக்கொண்டு வந்து நின்றான். அக்கரை ஓடம் போன அன்றைக்கே கரையில் வாந்திபேதி பரவியது, அந்த அம்மாள் பிழைக்கவில்லை என்றான். ஐகோர்ட்டில் எந்தப் பாரிஸ்டரும் செய்யாத குறுக்கு விசாரணை செய்தேன். உயரம் என்ன என்றேன். நெட்டை என்றான். தோளுயரம் எப்படி நெட்டையாகும்? எந்தக் கரை என்றேன், தடுமாறினான். பொய்சாட்சி என்று தீர்ப்பெழுதி வாசலுக்கு வழி காட்டிவிட்டேன். அவனும் செருப்பை மாட்டிக்கொண்டான். படியிறங்கும்போது, யாரும் கேட்காமல், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான்: "சிரிச்சா மூக்கைப் பொத்திக்கும் அந்தம்மா."

அதை என் சம்சாரம் கேட்டுவிட்டாள். இன்று அவள் கெண்டி தேய்த்துக்கொண்டு சொன்னது அதனால்தான்.

*

நேற்று அந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இன்று பிக்ஷு வந்து போய்விட்டார். யுத்தம் முடிந்து கடிகாரமும் சூரியனும் சமாதானமாகிவிட்டதால் அவருடைய சாப்பாட்டில் நான் தலையிட இடமில்லை. சமையல் என் சம்சாரம். ஆரம்பத்தில் அவரைக் கிணற்றடிக்கு இந்தப்பக்கம் வரவிடாதவள், இன்று இரண்டாம் முறை பாயசம் போட்டாள்.

தண்ணீர் விட்டேன். உம் அப்பா, அம்மா, தமையன், காட்டில் விழுந்தவர்கள். பிறகு நீர். கிண்ணம் வழிந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் என் சம்சாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிக்ஷுவும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மூன்று லோகமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது என்று நான் சொன்னால் அது என் வழக்கமான அளப்பு என்று நினைக்காதீர்.

மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பர்மாவில் அது வழக்கமாகவே இருக்கலாம். அந்தப் பலசரக்குக்காரனை எனக்கு யார் என்றே தெரியாது.

வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் இறங்கி முடிந்தது. பிக்ஷு, எல்லா உயிர்களுக்கும் என்று முடித்துவைத்தார். தட்டிலிருந்த தண்ணீரை நந்தியாவட்டைச் செடியடியில் ஊற்றினேன்.

சாயங்காலம்வரை என் சம்சாரம் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சக்காரன் என்று பட்டம் கட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். விளக்கேற்றிவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"கொல்லை ரூம் சாவியைக் குடுங்கோ. ஒட்டடை அடிக்கணும். திடீர்னு யாராவது வந்து நின்னா, இப்படியா வெச்சிருக்கறதுன்னு நெனைப்பா."

யாராவது என்றால் யார் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பட்டணத்தில் இன்று இடத்துக்கு அடிதடி, அந்த அறையைக் கேட்டு வாரத்துக்கொருவர் வருகிறார்கள். எல்லோர் மேலும் எனக்கு ஏதாவது ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது, வாடகைக்கு விட முடியாமல் போகிறது. சாவியைப் பூணூலிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். பெருக்கி, பானையில் புதுத் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் முடிந்துகொண்டேன்.

படுத்தால் அது மார்பில் உறுத்துகிறது, ஓய். உறுத்தட்டும்.