துணை நடிகரின் பெயர்

புரட்டாசி, செவ்வாய், இரவு.

போட்டிக்கு நாளை அனுப்ப வேண்டிய, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்பிளே கதையை, மாலையில் தேவாவின் மொபைல் கடையில் ஆடிப் பார்த்தோம். பழைய ஹாலிவுட், ஊமைப்பட ஸ்டூடியோ. தேவாவும் அவன் அக்கா ஸ்டெல்லாவும் துணை நடிகர்கள். கதை சொல்பவன் நான். திரைக்குப் பின்னாலிருந்து வானத்தைவிடப் பழைய ஒன்று எழுகிறது. மனிதர்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. இந்த இடத்துக்காகத்தான் மூன்று மாதம் உழைத்தேன்.

"நம்மள கண்டுக்கவே கண்டுக்காதா?" என்றான் தேவா.

"கண்டுக்காது."

"இதுல இன்னாடா பயம்? எங்க கம்பெனி மேனேஜரும் அப்பிடித்தான் கீறாரு," என்று சிரித்தாள் ஸ்டெல்லா.

எனக்கு எரிச்சல். "அப்ப எதுக்குத்தான் பயப்படுவீங்க?"

தேவா யோசித்தான். "அது என் பேர சொல்லி கூப்ட்டா பயந்துருவேன்டா."

அவன் சொன்னதுதான் சரி. வீட்டுக்கு வந்து பன்னிரண்டு பக்கத்தை அழித்தேன். வருத்தம்கூட வரவில்லை. மாற்றி எழுதியதில் அந்தப் பழைய ஒன்று, ஸ்டூடியோவில் யாரும் பெயர் கேட்டிராத துணை நடிகரைப் பெயர் சொல்லி அழைக்கிறது. சோதித்துப் பார்க்க, பெயர் வரும் இடத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்து படித்தேன். பயம் ஒன்றும் தோன்றவில்லை. தேவா என்று அடித்தேன். முழுதாகப் படிக்காமலே அழித்துவிட்டேன்.

அந்த இடத்தைக் காலியாகவே அனுப்பப் போகிறேன். ஆடுகிறவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்.