யாரும் வரவில்லை என்கிறீர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஊருக்குத் திரும்பும் சியாவ் அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நேற்று சியோல் நீதிமன்றத்தில் என் வழக்கு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. என் அகதி மனுவை முதலில் அதிகாரிகள் ஏன் தள்ளினார்கள் தெரியுமா? அந்த மனு விசாரணையில், "ஊர்லருந்து அம்மா என்ன சொல்றாங்க?" என்று அதிகாரி கேட்டார். "யாரும் தேடி வரல, நிம்மதியா இருன்னாங்க" என்றேன். அரசு தடை செய்த ஜெபக்கூட்டம் நடத்தியதற்காக இவளை ஊரில் போலீஸ் தேடவில்லை என்று எழுதிவிட்டார்.

"தூரத்துல இருக்கற பொண்ணுகிட்ட எந்த அம்மாங்க கெட்ட சேதி சொல்வாங்க?" என்று என் வக்கீல் வாதாடினார். நீதிபதியே சிரித்துவிட்டார். "எங்கம்மாவும் அப்படித்தான். ஆனா தேடி வந்தாங்கன்னு ஆதாரம் வேணுமே" என்றார். அடுத்த வாரம் தீர்ப்பு.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் நீல ஸ்வெட்டரும் கொஞ்சம் காய்ந்த மிளகாயும் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் எல்லாமே சப்பென்று இருக்கிறது.

நீங்கள் நலம் என்று காட்ட அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பக்கத்தில் மேஜைமேல் ஒரு தட்டு நிறைய சிகரெட் துண்டுகள். நம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் யாரும் புகைப்பதில்லையே.

வக்கீலிடம் இன்னும் காட்டவில்லை. காட்டினால் இங்கே நான் ஜெயிக்கலாம். அங்கே உங்களுக்கு என்ன ஆகும்?

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அம்மா. வீட்டில் தனியாகத்தானே இருக்கிறீர்கள்? அந்தப் போட்டோவை எடுத்தது யார்?

உங்கள் மகள்,
யூஃபென்