வழி தெரிந்தும் கேட்கிறேன்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குட்டியும் சுகம்தானே? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இடது தோள் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன், பதறாதே. வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு இந்தக் கையெழுத்தே சாட்சி.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எடுத்ததும் "சொல்லுக்கா" என்கிறாய். அதில் இருக்கும் அவசரத்தைக் கேட்டதும் நான் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். வானிலையைப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். உன்மேல் குறையில்லை, உன் வேலை அப்படி.

இந்த ஆஸ்பத்திரி சின்னது. எக்ஸ்ரே மெஷின் ஒன்று, அதற்கு நான் ஒருத்தி. மலைச்சரிவில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். சில நாள் நான் பேசுவதே அவ்வளவுதான். குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஓர் அறை, ஓர் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் எதிரே மேடு. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் சைக்கிள் வாங்கினேன்.

சைக்கிள் வாங்கிய கதையை உனக்குச் சொல்லவில்லை, இல்லையா? கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பையனுக்கா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். பையன் எவ்வளவு உயரம் என்றார். "என் உயரம்தான், என் வயசும்தான்" என்றேன். மனிதர் சிரித்து முடிப்பதற்குள் சீட்டை எனக்குத் தகுந்தபடி இறக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆரம்பத்தில் ஏற்றம் வந்தாலே இறங்கித் தள்ளுவேன். கியரை எப்போது மாற்றுவது என்று தெரியாமல் சங்கிலி கழன்று, கையெல்லாம் கறுப்பாக வந்து சேர்வேன். இப்போது ஏற்றத்துக்கு முன்பே கால் தானாகச் சுதாரித்துக்கொள்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. அதைத் தாண்டினால் இன்னொரு மேடு. கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், ஆடுகள், தகரக் கூரைகள், கைவிட்டுப்போன ஒரு கல்குவாரி. அதன் அடியில் தேங்கிய தண்ணீர் பச்சையாக இருக்கும். விடுமுறை நாளில் வேகவைத்த முட்டையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவேன்.

உச்சிக்குப் போனதும் மூச்சு வாங்க நிற்பேன். கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போகும். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கஞ்சி கரைக்க வேண்டும் என்று உடம்பு துடிக்கும். முதல் சில வாரம் அங்கிருந்தே திரும்பிவிட்டேன். கதவைத் திறந்து வெறும் அறையைப் பார்த்த பிறகுதான் எதற்கு இவ்வளவு வேகமாக மிதித்து வந்தேன் என்று உறைக்கும். அப்புறம் திரும்பும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டேன். ஏன் லேட்டு என்று கேட்க ஆளில்லை என்றால் எவ்வளவு தூரம் போகலாம், தெரியுமா? அம்மா இருந்தபோது இப்படி ஒரு நாள் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்த பிறகு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மிதித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. வழி தெரிந்தும் வழி கேட்கிறேன். வயலில் குனிந்திருப்பவர், வேலிக்குப் பெயின்ட் அடிப்பவர், யாராக இருந்தாலும் சைக்கிளை நிறுத்தி, அணைக்கு எப்படிப் போவது என்று கேட்பேன். அவர்கள் கை நீட்டி, அங்கே திரும்பு, இங்கே இறங்கு என்று விளக்குவார்கள். புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டுவேன். ஒருநாள் பெயின்ட் அடிக்கிறவர், "போன தடவையும் இதையேதானே கேட்டீங்க? இன்னுமா போய்ச் சேரல?" என்றுவிட்டார். எனக்கு மானம் போயிற்று. அன்று நிஜமாகவே அணைக்குப் போய்விடுவது என்று கிளம்பினேன். விழுந்தது அன்றுதான்.

அந்தச் சாலை செங்குத்தாக இறங்கும். வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்ததை நான் பார்த்தபோது பிரேக் பிடித்துப் பயனில்லை. முன்சக்கரம் வழுக்கி, பள்ளத்தில் போய் விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், இடது கையைத் தூக்க முடியவில்லை. தடவிப் பார்த்ததும், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பு உடைந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் பார்க்கிற எலும்புதானே. போன் நொறுங்கிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் கத்தினேன். பிறகு, கத்துவதற்கு ஒரு பெயராவது வேண்டுமே என்று தோன்றி நிறுத்திவிட்டேன். வலியைவிட அந்தச் சத்தமில்லாமை பெரிதாக இருந்தது, சுண்டு. ஒரு கட்டெறும்பு கையில் ஏறிப் போனது. தட்டிவிட மனம் வரவில்லை.

நல்லவேளை, ஒரு ரொட்டி வண்டி வந்தது. ஓட்டியவள் என் வயதுக்காரி, வாட்டசாட்டமானவள். என்னை அணைத்துத் தூக்கி உட்கார வைத்து, தன் துப்பட்டாவால் கையைக் கழுத்தோடு கட்டினாள். சைக்கிளையும் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஏற்றினாள். கொஞ்ச தூரம் போனதும் போனை எடுத்து, "சிக்னல் வந்துருச்சு. வீட்டுல யாருக்குச் சொல்லணும்? நம்பரைச் சொல்லுங்க" என்றாள். நான் யோசிக்கவே இல்லை, கடகடவென்று சொன்னேன். அவள் அழுத்தினாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக் குரல். "தப்பாச் சொல்றீங்க போல, நிதானமாச் சொல்லுங்க" என்றாள். நிதானமாகச் சொன்னேன். மறுபடியும் அதே குரல்.

அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. நம் பழைய வீட்டு எண். அம்மா சாப்பிட்டாளா என்று தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவேனே, அது. வீட்டைக் காலி செய்தபோது இணைப்பைத் துண்டித்ததும் நான்தான். வேறு எந்த எண்ணும் எனக்கு மனப்பாடமாகத் தெரியவில்லை. "வீட்டுல யாரும் இல்லைங்க" என்றேன். அவள் போனை உள்ளே வைத்தாள். பின்னாலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, வளைவுக்கு வளைவு வண்டியை அடக்கி ஓட்டினாள். ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

அங்கே போனால் எக்ஸ்ரே எடுக்க ஆள் யார்? நான்தான்! சிஸ்டரைக் கூப்பிட்டு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, நானே போய் நின்றுகொண்டேன். மூச்சை இழுங்க, பிடிங்க என்று எனக்கு நானே சொன்னேன். சிஸ்டர் பதற்றத்தில் அழுத்த மறந்துவிட்டாள். பிடித்த மூச்சு பிடித்தபடி நின்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் தோள் வலித்து உயிர் போனது. எலும்பு சுத்தமாக இரண்டாகியிருந்தாலும் நகரவில்லை. தானாகக் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரொட்டி வண்டிக்காரி நேற்றும் வந்து எட்டிப் பார்த்தாள். சைக்கிள் சக்கரத்தை அவள் வீட்டுக்காரர் நிமிர்த்துகிறாராம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்து இருந்துவிடு, குட்டியைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். விழுந்து கிடந்தபோது, வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தோளில் கட்டுப் போட்டபோதும் அதையேதான் நினைத்தேன். ஆனால் இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. டிக்கெட் எடுத்துவிடாதே. ஒருவரைப் பார்த்துக்கொள்வதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. அதற்காக நான் வருந்தியதில்லை. ஆனால் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாழ என்னால் முடியாது. தனிமை கஷ்டமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. இருந்தாலும் நான் அந்த அணையை இன்னும் பார்க்கவில்லை. குட்டிக்கு லீவு விடும்போது வந்து சில நாள் இருந்துவிட்டுப் போகிறேன், விருந்தாளியாக.

கோபித்துக்கொள்ளாதே. என் பதில் உனக்குப் பிடிக்காவிட்டாலும் ஒன்று மட்டும் செய். படுத்திருந்த நாட்களில் உன் எண்ணை மனப்பாடம் செய்துவிட்டேன். முன்னும் பின்னும் சொல்லுவேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எவ்வளவு வேலையிருந்தாலும் எடுடா.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
அக்கா