கல்யாணப் படத்துக்குக் கலந்த மை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

தங்கச்சி கல்யாணப் படத்தைத் தம்பி போனில் அனுப்பிய பிறகுதான் கல்யாணமே முடிந்துவிட்டது தெரிந்தது. சொன்னால் வேலையை விட்டு ஓடிவந்துவிடுவேன் என்று பயந்தீர்களாமே.

இந்த அச்சகத்தில் கறுப்பு மையை நிறமில்லாத கரைசலில் நீர்க்கவைத்து, கறுப்பு வெள்ளைப் படங்களுக்கான சாம்பல் மைகளைக் கலப்பதுதானே என் வேலை. நேற்று கலந்ததைச் சோதிக்க அந்தப் படத்தையே அச்சடித்தேன். அவள் முகம் அச்சு அசலாக வந்தது.

முதலாளி எட்டிப் பார்த்து, “உங்க வீட்டு ஆளுங்களா? இதுல நீ எங்கப்பா?” என்றார்.

“படம் எடுத்ததே நான்தான் சார்” என்று சொல்லிச் சிரித்துவைத்தேன்.

ஓடி வந்திருக்க மாட்டேன் அம்மா. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

யாராவது இங்கே வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். மாப்பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள்; படத்தின் பின்னால் குறித்துவைக்க வேண்டும். முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் பெரியவன்