செல்போன் அலறிய வாரம்

அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். தீபாவளி ப்ளவுஸ் இன்னும் நிறையப் பாக்கி. லைனிங் துணிக்குப் பெரம்பலூர் போக வேண்டும்.

மதியம் டீச்சரம்மாவுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மிஷின்மேல் கிடந்த செல் திடீரென்று அலறியது. சைலண்டில்தான் போட்டிருந்தேன். அலறி முடித்ததும் ஒரு குரல் தமிழில் வாசித்தது: இடி மின்னலுடன் மழை வரும், மரத்தடியில் நிற்காதீர்கள். டீச்சரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆம்புலன்ஸ்னு நெனச்சிட்டேங்க." இடுப்பளவு மறந்துபோய், மறுபடி எடுத்தேன்.

இங்கே சொட்டு இல்லை. வேப்பந்தட்டைப் பக்கம் கொட்டியதாம்.

அக். 8, புதன்

மறுபடி அலறல். இன்றும் தூறல்கூட இல்லை. மகள் ரம்யா: "செட்டிங்ஸ்ல போயி ஆஃப் பண்ணிரும்மா. பஸ்ஸுல எல்லாரு செல்லும் ஒண்ணா கத்துது." எனக்குப் பண்ணத் தெரியவில்லை. அவள் டியூஷனுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்காரர் போன் செய்தார். ஆலத்தியூரில் லாரியில் சிமெண்டு ஏற்றியாயிற்று, சேலம் போகிறார். ஞாயிறுதான் வருவாராம்.

சாயங்காலம் அவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுபவர், ஆடு ஓட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனார். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு. ரம்யா சடங்குக்கு நேரில் வந்து அழைக்கவில்லை, போனில் சொன்னோம் என்று கோபம். அதிலிருந்து பேச்சே இல்லை.

அக். 9, வியாழன்



சாப்பிட்டு உட்கார்ந்தேன், செல் அலறியது. நிறுத்தப் போனவள் வெளியே பார்த்தேன். மேற்கே ஏரிப் பக்கம் கறுப்பு. மாமா காலையிலேயே அங்கேதான் ஆடு ஓட்டிப் போனார். அவரிடம் இருப்பது பட்டன் போன், அதில் இந்தச் சத்தமெல்லாம் வராது. அவர் சம்சாரம் அக்காவும் அரியலூரில் மகள் வீட்டில்.

போன் செய்தேன். கட். மறுபடி. கட்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்குள் கருவேல மரத்தடியில் துண்டைத் தலையில் போட்டு நிற்கிறார், ஆடுகள் சுற்றி.

"மாமா, மின்னல் வருதுன்னு செல்லுல சொல்லிட்டான். வாங்க."

"ரெண்டு நாளா அதான் சொல்றான். நீ போம்மா."

"நீங்க வராம நான் போகல."

நின்றேன். பயம்தான், ஆனாலும் நின்றேன். பெரிய துளிகள் விழுந்தன. "பொம்பளப் புள்ள இங்க நின்னுகிட்டு" என்று முனகி நடந்தார். ஆடுகளைக் கூப்பிட்டார். பாதி வந்தன, பாதி மரத்தை விட்டு வரவில்லை. திரும்பப் போகப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

கரையில் மோட்டார் ரூம். உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வெள்ளையாக ஒன்று, கூடவே சத்தம். காது அடைத்துப்போயிற்று.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். மரத்தடியில் ஆறு ஆடு. காயமே இல்லை, தூங்குகிற மாதிரி. சினை ஆடு ஒன்று. அதன் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்தார்.

அக். 10, வெள்ளி

வி.ஏ.ஓ. வந்து பார்த்தார், மாட்டு டாக்டர் வந்தார். குழி வெட்டிப் புதைத்தார்கள்.

டீக்கடையில் மாமா சொன்னாராம்: "அந்தப் புள்ள வந்து இழுக்காட்டி, ஆறையும் ஓட்டியாந்திருப்பேன்." பால்கார அக்கா வந்து சொன்னார். சுருக்கென்றது. இருக்கலாம். இழுக்காமல் விட்டிருந்தால் அவரும் அந்த மரத்தடியில்தான்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "அண்ணன் சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். ரம்யாவிடம் சோறு கொடுத்தனுப்பினேன். தூக்கு காலியாக வந்தது. கழுவி.

அக். 11, சனி

லைனிங் வாங்கியாயிற்று. ஹூக் மறந்துவிட்டேன்.

மதியம் அலறல். எழுந்து வாசலுக்கு வருவதற்குள் ரிங். மாமா நம்பர்.

"ஏம்மா, இன்னைக்கும் சொல்றானா?"

"ஆமா மாமா. இப்பத்தான்."

"மேக்க கறுத்துகிட்டு வருது. நான் பட்டியில அடைச்சிட்டேன். புள்ள டியூசன்லேருந்து வந்துருச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"நீ இரு. நான் போயி கூட்டியாரேன்."

கட்.