பதினாறு இருந்தும் பாஸ்

சிங்காநல்லூர்,
தாது வருஷம் ஆவணி 12.

அம்மா அவர்களுக்கு மகள் பாவாத்தாள் கும்பிட்டு எழுதியது. சிவன்மலையான் கருணையால் இவரும் நானும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதை அண்ணியைத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மில் என்ஜினியர் வீட்டம்மாள் எனக்கு பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் பழக்கியிருக்கிறார். காசு வைத்து ஆடுவதில்லை. ஏஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று என்று எண்ண வேண்டும். பதின்மூன்று தேறினால் ஏலம் கேட்கலாம்; தேறாவிட்டால் "பாஸ்" என்று சொல்லி விட்டுவிட வேண்டும். எதிரே இருக்கும் கூட்டாளி அதை வைத்துத்தான் நம் கையில் உள்ள சீட்டை அறிவார்.

போன வெள்ளிக்கிழமை என் கையில் பதினாறு இருந்தது. இரண்டு முறை எண்ணிவிட்டு "பாஸ்" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் கூட்டாளியான அந்த அம்மாள், "ஏனுங்க அம்மணி, இத்தனை வெச்சுக்கிட்டு பாஸ்னு சொல்லிப்போட்டீங்களே! என்ரகிட்டச் சொல்லாம வேற ஆருகிட்டச் சொல்லுவீங்க?" என்றார்.

"இருக்கறதை வாய்விட்டுச் சொன்னாக் கண்ணு பட்டுருமுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அம்மா, ஆடி பிறந்தபோது நான் மூன்று மாதம் முழுகாமல் இருந்தேன். போன இரண்டு தடவையும் முன்கூட்டிச் சொன்னதால்தான் தங்கவில்லை என்று நினைத்து, இந்தத் தடவை உங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. ஆடி அமாவாசையன்று அதுவும் கலைந்துவிட்டது. இருந்ததே தெரியாதவர்களிடம் போனதை எப்படிச் சொல்வது?

கவலைப்படாதீர்கள், எழுந்து சமைக்கிறேன். கொஞ்சம் சுக்கு அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. தொட்டிலுக்கென்று சொல்லாமல் உங்கள் பழைய நூல்சேலை ஒன்று கேட்டிருந்தேனே, அதையும் அனுப்பிவிடுங்கள். நானே போர்த்திக்கொள்கிறேன்.

பாவாத்தாள்